நாடக வழக்கும் உலகியல் வழக்கும்: கார்டிஃப் நகரில் ஓர் அறிவியல் புனைவுத் தொடரின் நிலைக்களங்கள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் இலக்கணம் பயில்வோர் தொடக்கத்திலேயே அறியும் செய்தி. கருவும் உரியும் அவற்றின்மேல் அமைவன. ஒரு பாட்டில் வரும் குறிஞ்சி நிலம் ஒரு மலையின் நிழற்படம் அன்று. புலவன் தன் பொருளுக்கேற்பப் புனைந்துகொண்ட மலை. ஆயினும் அம்மலையில் பூக்கும் வேங்கையும் விளையும் தினையும் உலகில் உள்ளவையே. தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைக் கூறி, அவ்விரண்டையும் தழுவியதே புலனெறி வழக்கம் என்று வகுத்தமை இதனாற்போலும்.

இப்பாகுபாட்டைப் பழம்பாடல்களுக்கு மட்டுமே உரியதென நாம் பூட்டிவைக்க வேண்டுவதில்லை. இன்றைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றையும் அது படமாக்கப்பட்ட நகரையும் அருகருகே வைத்துக் காண்பதற்கும் இது நன்கு பயன்படுகிறது. நாம் எடுத்துக்கொள்ளும் தொடர், பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் வழங்கிய ‘டாக்டர் ஹூ’. நகரம், வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃப். அத்தொடரின் சுவைஞர்கள் பல நாடுகளிலிருந்தும் அந்நகருக்கு வந்து, கையில் ஒரு வரைபடத்துடன் தெருத்தெருவாக நடக்கின்றனர். அவர்கள் காண்பது எந்த நகரம்? காணாமற் கடந்து செல்வது எந்த நகரம்? இவ்விரண்டு வினாக்களே நம்மை இக்கட்டுரைக்குத் தூண்டின.

தொடரை அறியாதார் பொருட்டுச் சில செய்திகள் கூறவேண்டும். இதன் முதற்பகுதி 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பாயிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள் அது. உலகமே வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தமையால், அடுத்த வாரம் அப்பகுதியை மீண்டும் காட்ட நேர்ந்தது. கதைத்தலைவர் வேற்றுக் கோளினர். ‘டாக்டர்’ என்பதற்கு மேல் அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவரது ஊர்தியான ‘டார்டிஸ்’ காலத்திலும் இடத்திலும் விரும்பியவாறு செல்லும். விரும்பாதவாறு செல்வதே மிகுதி. புறத்தே அது ஒரு நீலநிறப் போலீஸ் பெட்டி. அகத்தே மாளிகை போன்ற விரிவுடையது. காவலர் தொலைபேசியில் பேசுவதற்கென லண்டன் தெருக்களில் நின்ற அத்தகைய பெட்டிகள் 1963இல் எவரும் திரும்பிப் பாராத எளிய பொருள்கள். பின்னர் அவை தெருக்களிலிருந்து மறைந்தன, தொடரில் நிலைத்தன. நிலத்தையும் பொழுதையும் கடக்கும் ஊர்தியை நடுவில் வைத்தமையால், முதற்பொருளையே கதைப்பொருளாக்கிய தொடர் இது என்று நாம் கூறலாம்.

முதற்கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன் என்பதை நம் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1938இல் இலக்னோவில் பிறந்து, சிறுவயதில் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் பயின்றவர் அவர். அக்கதையைப் படமாக்கியபோது அவருக்கு வயது 24. ஆங்கில நாவலாசிரியர் அத்தியா ஹுசைனின் மைந்தர். தயாரிப்பாளராக இருந்த வெரிட்டி லாம்பர்ட் அம்மையாரும் இளையவரே. மறு ஆண்டு அதே தொடரில் ஏழு பகுதிகளாக வந்த மார்க்கோ போலோவின் பயணக் கதையில் பெரும்பாலான பகுதிகளை வாரிஸ் ஹுசைன் எடுத்தார். அவற்றின் காட்சிப்பதிவுகளை நிறுவனமே பின்னர் அழித்துவிட்டது. ஒலிப்பதிவு மட்டும் எஞ்சியது. ஏடுகளை ஆற்றில் விட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று.

லண்டனாக நடித்த நகரம்

1989இல் தொடர் நின்றது. 1996இல் ஒரு தனித் தொலைக்காட்சிப் படம் வந்ததைத் தவிர நெடுங்காலம் ஒன்றுமில்லை. 2005 மார்ச் 26 அன்று அது மீண்டும் தொடங்கியபோது, அதனை உருவாக்கும் பொறுப்பு லண்டனிடமிருந்து பி.பி.சி.யின் வேல்ஸ் பிரிவுக்கு மாறியிருந்தது. தலைமை எழுத்தாளர் ரசல் டி. டேவிஸ், வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரத்தவர். தொடர் அதற்கு முன்னரும் வேல்ஸ் மண்ணைப் பயன்படுத்தியதுண்டு. 1967இல் வெளிவந்த ஒரு கதையில் வட வேல்ஸ் பள்ளத்தாக்கு ஒன்று இமயமலையாக நின்றது. ஆனால் 2004 கோடையில் தொடங்கிய படப்பிடிப்பு முற்றிலும் வேறு வகையானது. கதைத்தலைவி லண்டன் கடைப்பெண். கதை நிகழ்வது லண்டனில். படமாக்குவதோ பெரும்பாலும் கார்டிஃபில்.

நகரின் நடுவே குவீன்ஸ் ஆர்கேட் என்னும் அங்காடி வளாகம் உள்ளது. புதிய தொடரின் முதற்பகுதியில் கடைக் கண்ணாடிக்குள் நின்ற பொம்மைகள் உயிர்பெற்று மக்களைத் தாக்கும் காட்சி அங்கே எடுக்கப்பட்டது. திரையில் அது லண்டன். இவ்வாறு காட்டுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வேல்ஸ் நாட்டுப் பெயர்ப்பலகைகள் இருமொழியில் அமைந்தவை. சாலையின் தரையிலேயே ‘மெதுவாக’ என்பதற்குரிய வேல்ஸ் சொல்லான ‘அராவ்’ பெரிய வெள்ளை எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கும். கார்டிஃப் லண்டனாக வேண்டுமானால் அந்நாட்டு மொழி திரையின் சட்டத்துக்குள் வந்துவிடக்கூடாது. ஒரு நகரம் வேடமிடும்போது முதலில் மறைக்கவேண்டியது அதன் மொழியை என்பது, மொழித்துறையைச் சார்ந்த நமக்குச் சற்றே உறுத்தலான செய்தி.

இதனினும் விந்தையான ஒன்று உண்டு. அதே 2005இல் வந்த மூன்றாம் கதை 1869ஆம் ஆண்டின் கார்டிஃப் நகரில் நிகழ்வது; நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் அதில் ஒரு பாத்திரம். கார்டிஃப் தன் பெயராலேயே திரைக்கு வரும் வாய்ப்பு அது. ஆனால் அதன் தெருக்காட்சிகள் பெரும்பாலும் ஸ்வான்சியிலும் மான்மத் ஊரிலும் எடுக்கப்பட்டன. லண்டனாகத் தோன்றத் தகுதி பெற்ற நகரம், கார்டிஃபாகத் தோன்ற வேறோர் ஊரை அமர்த்திக்கொண்டது!

அருங்காட்சியகமும் அமைதிக் கோயிலும்

கடைத்தெருவுக்கு வடக்கே கதேஸ் பார்க் என்னும் பகுதியில் வெண்கல் மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் தேசிய அருங்காட்சியகத்தை இரு கதைகளுக்காகச் சுவைஞர்கள் தேடி வருகின்றனர். முதலாவது 2009இல் வந்த ‘பிளானட் ஆஃப் த டெட்’. அதில் நகை திருடும் பெண் ஒருத்தி நுழையும் லண்டன் காட்சிக்கூடம் இதுவே. அவள் ஏறித் தப்பும் சிவப்பு இரட்டைமாடிப் பேருந்து ஒரு சுரங்கச் சாலைக்குள் புகுந்து வேற்றுக் கோளின் பாலைவனத்தில் வெளிப்படுகிறது. சுரங்கச் சாலை கார்டிஃபின் ப்யூட்டவுன் சுரங்கம், பாலைவனம் துபாய். படப்பிடிப்புக்கெனக் கப்பலில் அனுப்பிய பேருந்து துபாய்த் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி மோதி நசுங்கிவிட்டது. குழுவினர் வேறு பேருந்து தேடாமல், கோள் கடக்கும்போது நேர்ந்த சேதமாக அதனைக் கதைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டனர். உலகியல் நாடகத்துள் புகுந்தமைக்கு இதனைவிட நேரான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இரண்டாவது கதை 2010இல் வந்தது. ஓவியர் வின்சென்ட் வான் கோ பற்றியது. தம் வாழ்நாளில் பெரும்புகழ் காணாத அவ்வோவியரை டாக்டர் நம் காலத்துப் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அழைத்துவந்து, அவர் ஓவியங்களின் முன் மக்கள் கூடி நிற்பதைக் காட்டுகிறார். தொடரை விரும்பாதவரும் விரும்பும் காட்சி இது. திரையில் பாரிஸ், உண்மையில் கார்டிஃப். ஆனால் கார்டிஃப் இங்கே வெறும் வேடதாரி அன்று. 1890இல் வான் கோ தம் இறுதி நாள்களில் தீட்டிய ‘ஓவரில் மழை’ என்னும் ஓவியம் இவ்வருங்காட்சியகத்துக்கே உரியது. கோதுமை வயலின்மேல் மழைத்தாரைகள் சாய்கோடுகளாக இறங்கும் அகன்ற ஓவியம். அதனை வாங்கி வைத்திருந்தவர் குவெண்டலின் டேவிஸ் அம்மையார். அவர் மறைவுக்குப்பின் 1952இல் அது இங்கு வந்தது. அவரும் அவர் தங்கை மார்கரெட்டும் வழங்கிய ஓவியங்களும் சிற்பங்களும் இருநூற்றுக்கு மேற்பட்டவை.

இவ்வம்மையார்களின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நாம் நிலத்துக்கடியில் இறங்கவேண்டும். அவர்களின் பாட்டனார் டேவிட் டேவிஸ் (1818–1890) மரம் அறுக்கும் தொழிலில் தொடங்கி, இருப்புப்பாதை அமைத்து, நிலக்கரிச் சுரங்க முதலாளியாக உயர்ந்தவர். அருங்காட்சியகத்துக்கு அண்மையில் உள்ள ‘டெம்பிள் ஆஃப் பீஸ்’ என்னும் அமைதிக் கோயிலும் அதே குடும்பத்தின் கொடை. அம்மையார்களின் உடன்பிறந்தாரான டேவிஸ் பிரபு, முதல் உலகப்போரைக் கண்டு வந்தவர். நாடுகள் போரின்றி வழக்குத் தீர்க்கும் நெறிக்காக உழைத்தவர். 1938 நவம்பரில் அக்கட்டடத்தைத் திறந்துவைத்தவர் அரசரோ அமைச்சரோ அல்லர். அப்போரில் மூன்று மக்களை இழந்த வேல்ஸ் தாய் ஒருவர். அப்போரில் மடிந்த வேல்ஸ் நாட்டினர் ஏறத்தாழ 35,000 பேரின் பெயர்கள் எழுதிய நினைவேடு அதன் நிலவறையில் உள்ளது. திறப்புவிழாவுக்குப் பின் ஓராண்டு நிறைவதற்குள் அடுத்த உலகப்போர் மூண்டுவிட்டது.

புதிய தொடரின் இரண்டாம் கதை இக்கோயிலின் பளிங்கு மண்டபத்தில் எடுக்கப்பட்டது. ஐந்நூறு கோடி ஆண்டுகளுக்குப் பின் கதிரவன் விரிந்து பூமி எரியப்போகிறது. செல்வர்கள் விண்தளம் ஒன்றில் கூடி அதனை விருந்துக் காட்சிபோல் கண்டு களிக்கக் காத்திருக்கின்றனர். அந்த விண்தளமே இம்மண்டபம். போர் ஒழிக என்று கட்டிய கூடத்தில் உலகின் முடிவை வேடிக்கை பார்ப்போர் நிற்கின்றனர். குழுவினர் மண்டபத்தின் தோற்றப் பொலிவைக் கருதியே அதனைத் தேர்ந்திருக்கலாம். ஆயினும் நிலவறை நினைவேட்டை அறிந்தவர் அக்காட்சியை மீண்டும் பார்க்கும்போது அது முன்போல் இராது. களத்தைச் சென்று காண்பதால் ஒரு சுவைஞர் பெறக்கூடிய உண்மையான பயன் இதுவே என நாம் கருதுகிறோம். இந்த இடத்தில்தான் அந்த நடிகர் நின்றார் என்று நிழற்படம் எடுத்துத் திரும்புவது சிறுபயன்.

ப்யூட் தெரு

நகர நடுவிலிருந்து தெற்கே கடல் நோக்கி நேர்கோடாகச் செல்கிறது ப்யூட் தெரு. சுவைஞர்களின் வரைபடத்தில் இது பெரும்பாலும் வெறுங்கோடு. குடாப் பகுதியில் பார்க்கவேண்டியவை நிறைந்திருத்தலின் பலர் பேருந்திலோ இரயிலிலோ இதனைக் கடந்துவிடுகின்றனர். நாம் நடந்தே செல்வோம்.

1839இல் ப்யூட் கோமகன் இங்கே ஒரு கப்பல் துறையைக் கட்டினார். தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் நிலக்கரி அதன் வழியே உலகெங்கும் சென்றது. 1913இல் கார்டிஃபிலிருந்து ஏற்றுமதியான நிலக்கரி ஒரு கோடி டன்னுக்கும் மேல். கரியைக் கொண்டுசென்ற கப்பல்களில் உலையருகே நின்று கரி அள்ளிப் போட்டவர்கள் சோமாலியர், ஏமன் நாட்டவர், மேற்கு ஆப்பிரிக்கர், கரீபியத் தீவினர், ‘லாஸ்கர்’ எனப்பட்ட இந்தியக் கப்பல் தொழிலாளர். அவர்களுள் பலர் இத்தெருவையொட்டிய பகுதியிலேயே தங்கி, மணம் புரிந்து, குடும்பமாயினர். ‘டைகர் பே’ என்று மாலுமிகள் அழைத்த பகுதி இதுவே. பாடகி ஷெர்லி பாஸி 1937இல் நைஜீரிய மாலுமி ஒருவரின் மகளாக இங்குப் பிறந்தார். 1930களின் இறுதியில் ஏமனைச் சேர்ந்த ஷெய்கு அப்துல்லா அலி அல்-ஹகீமி இங்கே மாலுமிகளுக்கெனச் சமயப் பணி புரிந்தார். பீல் தெருவில் இருந்த பள்ளிவாசல் 1941இல் ஜெர்மானிய விமானத் தாக்குதலில் இடிந்து, பின்னர் மீண்டும் எழுந்தது. 1960களில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குக் குடியிருப்புகள் வந்தபோது டைகர் பேயின் பழைய உருவம் மறைந்தது. ஆலிஸ் தெருவில் உள்ள பள்ளிவாசல் அச்சமூகத்தின் தொடர்ச்சி.

இத்தெருவில் ஒரு கடையை நடத்திய பெண்மணி 1952 மார்ச்சில் கொலையுண்டார். மஹ்மூத் மத்தான் என்னும் சோமாலிய மாலுமி குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 3 அன்று கார்டிஃப் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அச்சிறையில் நிகழ்ந்த இறுதித் தூக்கு அது. வேல்ஸ் பெண்ணான அவர் மனைவி நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கணவர் குற்றமற்றவர் என்று போராடினார். 1996இல் அவர் உடல் சிறை நிலத்திலிருந்து எடுக்கப்பட்டு நகரின் கல்லறைத் தோட்டத்தில் முஸ்லிம் பகுதியில் அடக்கம் செய்யப்பட்டது. 1998 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. 2022இல் தென் வேல்ஸ் காவல்துறை மன்னிப்புக் கேட்டது. நதீஃபா முஹம்மது இவ்வழக்கை வைத்து 2021இல் வெளியிட்ட ஆங்கில நாவல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. ஆக, ப்யூட் தெருவும் ஒரு புனைகதையின் நிலைக்களமாகிவிட்டது. அதனைத் தேடி வரைபடத்துடன் வருவோர் குறைவு.

நீர்க்கோபுரத்தின் அடியில்

தெரு முடியும் இடத்தில் ஒரு நீள்வட்டத் திறந்தவெளி. ரோல்ட் டால் பிளாஸ் என்று பெயர். 1916இல் இந்நகரின் லாண்டாஃப் பகுதியில் நார்வே நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த எழுத்தாளர் ரோல்ட் டாலின் நினைவாக வைத்தது. அவர் தந்தையாரின் தொழிலும் கப்பலும் கரியும் சார்ந்ததே. திறந்தவெளி நீள்வட்டமாக இருப்பது கட்டடக் கலைஞரின் கற்பனையன்று. மேற்கு ப்யூட் துறையின் நுழைவுக்குளம் இருந்த இடம் அது. துறை 1964இல் மூடப்பட்டுத் தூர்க்கப்பட்டது. கப்பல்கள் நின்ற நீரின்மேல் இன்று மக்கள் நடக்கின்றனர். அதன் ஒருபுறம் 21 மீட்டர் உயரத்தில் ஓர் எஃகுக் கோபுரம். அதன்மேல் இடைவிடாது நீர் வழியும். அருகே 2004இல் திறந்த மில்லேனியம் மையம் என்னும் கலையரங்கு. அதன் முகப்பில் கவிஞர் குவெனத் லூயிஸ் எழுதிய இருமொழி வரிகள் ஆளுயரத்தை விஞ்சிய எழுத்துகளாய்ச் சாளரங்களாக அமைந்துள்ளன.

2005இல் வந்த ‘பூம் டவுன்’ கதையில் டார்டிஸ் இங்கே வந்திறங்குகிறது. காலவெளியில் ஏற்பட்ட பிளவு ஒன்று இந்நகரின் ஊடே செல்வதாகவும், அதன் ஆற்றலை ஊர்தி எரிபொருளாக உட்கொள்வதாகவும் கதை. ஒரு நூற்றாண்டுக்கு முன் உலகக் கப்பல்கள் எரிகரி ஏற்றிய அதே துறையில், காலக்கப்பல் எரிபொருள் நிரப்புகிறது! இதே கதையில் வேற்றுக் கோளினள் ஒருத்தி நகர மேயராக உருமாறி, நகரையே அழிக்கவல்ல அணு உலையைக் கட்ட முனைகிறாள். தென் வேல்ஸுக்கு என்ன நேர்ந்தாலும் லண்டன் திரும்பிப் பாராது என்று அவள் குறைபடுவதில் உள்ள நையாண்டி, வேல்ஸ் எழுத்தாளருக்கே உரியது.

இப்பிளவிலிருந்து ஒரு கிளைத்தொடர் பிறந்தது. ‘டார்ச்வுட்’ என்பது அதன் பெயர். 2006 முதல் 2011 வரை வந்தது. ‘டாக்டர் ஹூ’ என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் இச்சொல் கிடைக்கும்; முதலில் ஒளிநாடாக்களைத் திருடர் கண்ணிலிருந்து மறைக்க இட்ட மறைபெயர் அது. இத்தொடரில் கார்டிஃப் வேடம் கலைத்துக் கார்டிஃபாகவே வருகிறது. நீர்க்கோபுரத்தின் அடியில் இரகசிய நிலையம். அதன் மறைவாயில் குடாவின் படகுத்துறையருகே உள்ள எளிய கதவு. 2009இல் இத்தொடரின் இயாண்டோ ஜோன்ஸ் என்னும் பாத்திரம் இறந்தபோது, சுவைஞர்கள் அக்கதவருகே பூக்களும் கடிதங்களும் படங்களும் வைக்கத் தொடங்கினர். பல ஆண்டுகள் அது ஒரு நினைவிடமாகவே திகழ்ந்தது.

இல்லாத ஒருவனுக்கு நினைவிடமா என்று எள்ளுதல் எளிது. நாம் எள்ளவில்லை. கோவலன் வரலாற்றில் இருந்தானா என்று தெளிந்த பின்னரா நாம் கண்ணகிக்காக வருந்துகிறோம்? புனைவுக்கு அழுவது மனத்தின் குறையன்று. எனினும் அவ்விடத்திலிருந்து சில நூறு அடிகள் நடந்தால், கப்பலின் உடற்பகுதி மனித முகமாக மாறித் தரையில் சாய்ந்து கிடக்கும் ஓர் உலோகச் சிற்பத்தைக் காணலாம். போரில் மாண்ட வணிகக் கப்பல் மாலுமிகளுக்காக 1997இல் அமைத்தது. ப்யூட் தெருவின் பல வீடுகளிலிருந்து கடலுக்குச் சென்று திரும்பாதவர்கள் அதற்குரியவர்கள். சுவைஞர்களின் வரைபடம் முன்னதைக் குறித்துப் பின்னதைக் குறிக்காமல் விடுவதில் தீய நோக்கமில்லை. ஆனால் வரைபடம் ஒன்றைக் காட்டுவதாலேயே மற்றொன்றை மறைக்கிறது. அச்சிற்பத்தையும் ஆலிஸ் தெருவையும் சிறைச்சாலையையும் சேர்த்து வரைந்தால் நடைவழி அரைமணி நேரமே கூடும். கல்விச் சுற்றுலா நடத்துவோர் கருத்தில் கொள்ளத்தக்கது இது.

குடாவின் கிழக்கே பழைய துறைநிலத்தில் பி.பி.சி.யின் ‘ரோத் லாக்’ படப்பிடிப்புக் கூடம் எழுந்தது. அப்பகுதிக்கு வைத்த வேல்ஸ் பெயர் ‘போர்த் டைகர்’. இடித்துப்போன டைகர் பேயின் புலி அப்பெயரில் மட்டும் தங்கியுள்ளது. அங்கே 2012இல் திறந்த ‘டாக்டர் ஹூ’ காட்சியகம் 2017 செப்டம்பரில் மூடப்பட்டது. அதற்கெனவே சென்று ஏமாந்து திரும்புவோர் உண்டாதலின் இதனை ஈண்டுக் குறிக்கிறோம். நகரின் பிற களங்களான மில்லேனியம் விளையாட்டரங்கும் லாண்டாஃப் பேராலயத் திடலும் ஒரு நண்பகலுக்குள் பார்த்து முடிக்கத்தக்கவை.

மணற்கரை

நகருக்கு மேற்கே, வண்டியில் செல்லும் தொலைவில், சதர்ன்டவுன் என்னும் சிற்றூரின் கடற்கரை உள்ளது. 2006இல் ஒரு கதையின் முடிவில் டாக்டரும் அவர் தோழி ரோஸும் இனி ஒருபோதும் சந்திக்கவியலாது எனப் பிரிவது இங்கேதான். திரையில் அது நார்வே நாட்டுக் கரை. நெய்தலும் இரங்கலும் என்று நாம் இலக்கணத்தில் படித்தது, அவ்விலக்கணத்தைக் கேட்டறியாதவர்கள் எடுத்த படத்திலும் அமைந்திருப்பது வியப்புத் தருகிறது: அலை, அகன்ற மணல், சாயும் ஒளி, எட்டாத தொலைவில் நிற்கும் தலைவன்.

செல்வோர்க்கு ஒரு செய்தி. பிரிஸ்டல் கால்வாயின் ஓத ஏற்றம் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கார்டிஃப் குடாவில் 1999இல் முடிந்த தடுப்பணை ஓதத்தைத் தடுத்து, சேற்று வெளியை நன்னீர் ஏரியாக்கிவிட்டமையால் நகரில் இதனை உணர முடியாது. சதர்ன்டவுனில் அணை இல்லை. ஓத அட்டவணையைப் பாராமல் சென்றவர் பாறைகளையும் கூழாங்கற்களையும் காண்பார். ரோஸ் நின்ற மணல் அப்போது நீருக்கடியில் இருக்கும்.